ஐந்து வந்தால் மேலேயா, கீழேயா?

நம் மலரில் வழக்கமாகக் கவிதை வரும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை வரும், ‘இளைஞனே விழித்தெழு’ என்று ஒன்று கட்டாயம் வரும். நான் எழுத வந்திருப்பது ஐந்து என்கிற எண்ணைப் பற்றி. தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டு, ‘என்னை என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்குமே, அந்த ஐந்து. என்னடா, ரவுண்டு பண்ணுவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் லேப் மார்க்கிலிருந்து பேரிங் சூடாவது வரைக்கும் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது சுலபமானது. எந்த இடத்தோடு நிறுத்த வேண்டுமோ, அதற்கு அடுத்த இலக்கத்தைப் பார். ஐந்துக்குக் குறைவு என்றால் விட்டுவிடு. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் முந்தைய இலக்கத்தோடு ஒன்று கூட்டு. 25.347 மி.மீ. என்று ஒரு ரீடிங் இருக்கிறது, ஒரு தசம இடம் போதும் என்றால், இரண்டாவது இடத்தில் இருப்பது 4. எனவே 25.3. அவ்வளவுதான்.

ஆனால் நம் ஆட்கள் பலபேர் இதைப் படிப்படியாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ரெக்கார்டில் 25.35 என்று எழுதுவார்கள். மறுநாள் டேபிள் போடும்போது அந்த 25.35-ஐ எடுத்து 25.4 ஆக்கிவிடுவார்கள். அசல் அளவு 25.3-க்கும் 25.4-க்கும் நடுக்கோடான 25.35-ஐத் தொடவே இல்லை. இருந்தும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு தடவை ரவுண்டு பண்ணியதை மறுபடி ரவுண்டு பண்ணினால் இதுதான் கதி. அசல் எண்ணிலிருந்து ஒரே தாவலில் போக வேண்டும். கடைசி விடை வரும் வரையில் கால்குலேட்டர் மெமரியிலேயே எண்ணை வைத்திருப்பது நல்லது. ஃபிக்ஸ் மோடில் திரையில் இரண்டு தசமம் மட்டும் தெரிந்தாலும் உள்ளே முழு எண் அப்படியே இருக்கும்; திரையைப் பார்த்து எழுதி மறுபடி தட்டும்போதுதான் அது போய்விடுகிறது.

சரி, இப்போது நம்ம ஐந்துக்கு வருவோம். 2.5 என்பது 2-க்கும் 3-க்கும் சரிபாதியில் இருக்கிறது. அதை ஏன் 3 ஆக்க வேண்டும்? 2 ஆக்கினால் என்ன குற்றம்? யோசித்துப் பாருங்கள். 1, 2, 3, 4 என்ற நான்கு இலக்கங்கள் கீழே இறங்குகின்றன. 6, 7, 8, 9 என்ற நான்கு மேலே ஏறுகின்றன. தராசு சமமாக நிற்கிறது. இதில் ஐந்தை எப்போதும் மேலே ஏற்றினால் தட்டு ஒரு பக்கமாகச் சாயும்.

ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். 0.5, 1.5, 2.5 என்று தொடங்கி 9.5 வரை பத்து எண்கள். கூட்டினால் 50. பள்ளிக்கூட முறைப்படி ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கினால் 1, 2, 3 என்று 10 வரை வரும், கூட்டுத்தொகை 55. ஐந்து எங்கிருந்து வந்தது? யாரும் போடவில்லை, தானாக முளைத்தது.

இதற்கு மருந்தாக இன்னொரு முறை இருக்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணை, பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். 0.5 என்பது 0. 1.5 என்பது 2. 2.5-உம் 2. 3.5 என்பது 4. 4.5-உம் 4. இப்படியே 9.5 வரை போனால் கூட்டுத்தொகை சரியாக 50. பாதித் தடவை மேலே, பாதித் தடவை கீழே. தட்டு சாயவில்லை.

இது ஏதோ வெளிநாட்டு நூதனம் என்று நினைக்க வேண்டாம். நம் இந்தியத் தரநிலையே இதுதான். இந்தியத் தரநிலைகளின் எண் வரிசையில் ஐ.எஸ். 1 என்பது எது தெரியுமா? நமது தேசியக் கொடி. கொடியின் துணி, நிறம், அளவு எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த ஐ.எஸ். 2 என்ன என்றால், எண்களை ரவுண்டு பண்ணுவதற்கான விதிகள்! கொடிக்கு அடுத்த எண் இதற்குக் கிடைத்திருக்கிறது. சிமெண்ட், கம்பி, பம்ப்செட், வார்ப்பு என்று எந்தத் தரநிலைப் புத்தகத்தைப் புரட்டினாலும் முன்னுரையில் ஒரு பத்தி இருக்கும்: சோதனையில் கிடைத்த இறுதி மதிப்பை ஐ.எஸ். 2-இன்படி ரவுண்டு பண்ணித்தான் தேறியதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்று. நாம் அந்தப் பத்தியைத் தாண்டி நேராக டேபிளுக்குப் போய்விடுவோம், அது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கை. இரட்டைப்படை விதி, ஐந்துக்குப் பிறகு வெறும் பூஜ்யங்களே இருந்தால் மட்டும்தான். 2.5001 என்பது சரிபாதி இல்லை, பாதியைத் தாண்டிவிட்டது. அது 3 தான். ‘முன்னால் 2 இருக்கு, இரட்டைப்படை, அதனால 2’ என்று இங்கேயும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் ஐந்துக்கு ஒரே சட்டம் கிடையாது. தரநிலைக்காரர்கள் இரட்டைப்படைக்குப் போகச் சொல்கிறார்கள். வரிக்காரர்கள் மேலே ஏறச் சொல்கிறார்கள்: 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ வந்தால் முழு ரூபாயாக்கு, அதற்குக் குறைந்தால் விட்டுவிடு என்கிறது. கீழே இறங்கச் சொன்ன சட்டமும் ஒன்று இருந்தது. அந்தக் கதை சுவாரஸ்யமானது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் நாட்டில் தசம நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய காசும் புதிய காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கின. ஒரு அணாவுக்கு எத்தனை நயா பைசா? 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. கால் பைசாவுக்குக் காசு இல்லை. அதனால் அரசாங்கம் ஒரு மாற்று அட்டவணை போட்டது. கிட்டத்தில் இருக்கும் பைசாவுக்குப் போ, சரிபாதி வந்தால் கீழே இறங்கு என்பது அதன் விதி. ஒரு அணா 6 பைசா. இரண்டணா நேர்க்கணக்கில் 12.5, எனவே 12. மூன்றணா 18.75, அதனால் 19. நாலணா சரியாக 25. ஆறணா 37.5 என்பது 37. எட்டணா 50.

இதில் உள்ள கூத்தைப் பாருங்கள். ஓரணா சாமான் ஒன்றை வாங்கிப் புதுக்காசில் 6 பைசா கொடுக்கிறீர்கள். இப்படிப் பதினாறு தடவை தனித்தனியாக வாங்கினால் 96 பைசாவில் முடிந்துவிடும். பதினாறையும் ஒரே தடவையில் வாங்கினால் ஒரு ரூபாய், அதாவது 100 பைசா. நாலு பைசா வித்தியாசம்! 6.25-ஐ முதலிலேயே ரவுண்டு பண்ணிவிட்டுப் பதினாறால் பெருக்கியதன் பலன் இது. அதனால்தான் ஒரு பரிவர்த்தனையின் மொத்தத் தொகைக்குத்தான் மாற்றுக் கணக்கு என்று சட்டத்தில் வைத்திருந்தார்கள். தபால் இலாகா அன்றைக்கு வெளியிட்ட இந்திய வரைபடத் தபால்தலைகளில் 13 நயா பைசாவுக்கு ஒரு தலை உண்டு. இரண்டணாவுக்கு நேர் 12.5 என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தலையைப் பாருங்கள், புரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் இன்னமும் கால், அரைக்கால், மாகாணி என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. ரூபாயில் மாகாணிதான் அணா. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் கணக்கு என்பதால் அவர்களுக்கு மிச்சமே விழவில்லை. தசமத்துக்கு மாற்றும்போது மாகாணி 0.0625 ஆகிவிடுகிறது, நமக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது.

இனி நம்ம ஊர் மில்லுக்குப் போவோம். கோவையில் இருந்துகொண்டு நூலைப் பற்றிப் பேசாமல் எப்படி? என் ரூம் மேட் டெக்ஸ்டைல். அவனிடம் கேட்டுத்தான் இதை முழுதாகப் புரிந்துகொண்டேன். நூல் எவ்வளவு சன்னம் என்பதைக் கவுண்ட் என்ற எண்ணால் சொல்கிறார்கள். நாற்பதாம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. இதை அளக்க, ராப் ரீலில் 120 கஜம் நூலைச் சுற்றி எடுக்கிறார்கள். ஒன்றரை கஜம் சுற்றளவு, எண்பது சுற்று. அதற்கு லீ என்று பெயர். அந்த லீயின் எடையைக் கிராமில் பார்த்து, 64.8-ஐ அதால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும்.

64.8 எங்கிருந்து வந்தது? 840-இல் 120 என்பது ஏழில் ஒரு பங்கு. ஒரு பவுண்டு 453.59237 கிராம். ஏழால் வகுத்தால் 64.7989. அதை 64.8 என்று ரவுண்டு பண்ணியிருக்கிறார்கள். இதனால் வரும் பிசகு ஏறக்குறைய அறுபதாயிரத்தில் ஒரு பங்குதான், யாருக்கும் நஷ்டமில்லை. இது நல்ல ரவுண்டு.

கெட்ட ரவுண்டு எது என்று பாருங்கள். நாற்பதாம் நம்பர் லீயின் எடை 1.62 கிராம். தராசு ஒரு தசமம் மட்டும் காட்டுகிறது, 1.6 என்று வைத்துக்கொள்வோம். 64.8-ஐ 1.6-ஆல் வகுத்தால் 40.5. அரை கவுண்ட் போய்விட்டது. இன்னும் சொல்லப்போனால், 1.6 என்று தராசு காட்டினால் உண்மை எடை 1.55-இலிருந்து 1.65-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதாவது கவுண்ட் 41.8-ஆகவும் இருக்கலாம், 39.3-ஆகவும் இருக்கலாம். நூறாம் நம்பர் நூல் என்றால் கேட்கவே வேண்டாம்: லீ எடை 0.648 கிராம், அதை 0.6 என்று எழுதினால் கவுண்ட் 108! எண் சிறியதாக ஆக ஆக, ஒரே ஒரு தசம இடம் வெட்டினாலும் காயம் பெரிது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நான்கு லீ எடுக்கிறோம். எடை 1.58, 1.64, 1.61, 1.56. கவுண்ட் முறையே 41.0, 39.5, 40.2, 41.5. ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிகிறது. மெஷினில் எங்கோ கோளாறு, போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எடையை ஒரு தசமத்துக்கு ரவுண்டு பண்ணினால் நான்கும் 1.6. நான்கும் 40.5. ரிப்போர்ட்டில் வேறுபாடு பூஜ்யம், பிரமாதமான நூல்! அந்த நூல் நிட்டிங் போய் பனியன் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். ரவுண்டு பண்ணுவது எண்ணைச் சுருக்குவதோடு நிற்பதில்லை, கோளாறையும் மூடி வைத்துவிடுகிறது.

இனி எங்கள் மெக்கானிக்கல் பக்கம். இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் வயதான ஒரு ஃபிட்டர் இருந்தார். கால்குலேட்டரில் வந்த எட்டு இலக்கத்தையும் என் நண்பன் ஒருவன் எழுதுவதைப் பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, மிஷின் காட்டுதுன்னு அத்தனையும் எழுதறயே, உங்கைல இருக்கற மைக்ரோமீட்டரு அத்தனை காட்டுமா?” என்று கேட்டார். “அப்ப எத்தனை எழுதோணுங்ணா?” என்றான் இவன். “அளந்தது எத்தனையோ அத்தனை எழுது. ஆனா டிராயிங்ல போட்டிருக்கற லிமிட்டுல மட்டும் கைய வெச்சராத” என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சின்ன மோட்டார், பம்ப்செட்களில் சகஜமாக வரும் பேரிங் 6205. உள்விட்டம் 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 25 கே6 என்று ஃபிட் கொடுத்திருந்தால், அளவு 25.002-இலிருந்து 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடைவெளி 13 மைக்ரான். இப்போது ஒருவர் ‘மூணு தசமம் எதுக்கு, ரெண்டு போதும்’ என்று இதை 25.00, 25.02 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கணக்குப்படி சரியான ரவுண்டுதான். ஆனால் 13 மைக்ரான் 20 மைக்ரானாக விரிந்துவிட்டது, அதுவும் இரண்டு பக்கமும். கீழ்ப்பக்கம் 25.000 ஷாஃப்ட் உள்ளே வந்தால் பிடிப்பு போதாமல் பேரிங்கின் உள் வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே நகரத் தொடங்கும், ஷாஃப்ட் தேயும். மேல்பக்கம் 25.020 வந்தால் அளவுக்கு மீறி இறுகி, பந்துகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து சூடாகும். தோட்டத்தில் ராத்திரி மோட்டார் போட்ட விவசாயிக்கு இந்தத் தசமக் கணக்கெல்லாம் தெரியாது; மோட்டார் நின்றுபோனது மட்டும் தெரியும்.

லிமிட்டை ரவுண்டு பண்ணியே ஆக வேண்டும் என்றால் உள்பக்கமாகத்தான் பண்ண வேண்டும். மேல் லிமிட் கீழே இறங்கும், கீழ் லிமிட் மேலே ஏறும். நம் ஷாஃப்ட்டில் அப்படிச் செய்தால் 25.015 என்பது 25.01, 25.002 என்பதும் 25.01. இரண்டும் ஒன்றாகிவிட்டன! அதாவது இந்த வேலைக்கு இரண்டு தசமம் காணவே காணாது என்று எண்களே சொல்லிவிடுகின்றன.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். டிராயிங்கில் மேல் லிமிட் 25.02. அளந்தால் 25.024. ரவுண்டு பண்ணினால் 25.02 தானே, பாஸ் பண்ணலாமா? கூடாது. டிராயிங் லிமிட் என்பது 25.02000... என்று பூஜ்யம் தொடர்ந்து போகிற மாதிரி அர்த்தம். அமெரிக்காவின் டிராயிங் தரநிலையான ஒய் 14.5 இதை அப்படியே சொல்கிறது. 25.024 ரிஜெக்ட்தான். ஆனால் ஃபவுண்டரியில் எஃப்.ஜி. 200 வார்ப்பிரும்பைச் சோதிக்கிறோம். குறைந்தபட்ச இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன். நமக்கு வந்தது 199.6. இது பாஸ்! ஏனென்றால் தரநிலையின் முன்னுரைப் பத்தி, குறிப்பிட்ட மதிப்பில் எத்தனை இலக்கமோ அத்தனைக்கு ரவுண்டு பண்ணிப் பார் என்கிறது. 199.6 என்பது 200. 199.4 என்றால் 199, ஃபெயில். ஒரே மாதிரி தெரியும் இரண்டு இடங்களில் நேர் எதிரான இரண்டு விதி. வைவாவில் இதைக் கேட்டால் பாதி வகுப்பு விழுந்துவிடும்.

கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கும் ஒரு செய்தி. பைத்தானில் 2.5-ஐ ரவுண்டு பண்ணச் சொல்லுங்கள், 2 என்று வரும். பக் என்று பயப்பட வேண்டாம். அது இரட்டைப்படை விதி. எக்செல்லில் அதையே போட்டால் 3. இதுவரைக்கும் சரி. பைத்தானில் 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்டு பண்ணுங்கள். இரட்டைப்படை விதிப்படி பார்த்தாலும் 2.68 வர வேண்டும். வருவது 2.67! காரணம், பைனரியில் 2.675 என்ற எண்ணைச் சரியாக எழுதவே முடியாது. உள்ளே இருப்பது 2.67499999... என்று போகும் எண். பாதிக்கு மயிரிழை கீழே இருப்பதால் அது கீழே இறங்குகிறது. பத்தில் ஒன்று என்ற சாதாரண 0.1-க்கும் இதே கதிதான். நமக்கு மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடியாமல் போவது போல, பைனரிக்கு அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த 0.1-ஆல் உயிரே போயிருக்கிறது. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கர்களின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு நிலையம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டிருந்தது. 0.1-ஐ 24 பிட்டில் வைத்து மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியது ஒரு கோடியில் ஒரு விநாடி அளவுதான். ஆனால் மெஷின் தொடர்ந்து 100 மணி நேரம் ஓடியதில் அது சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது. 28 சிப்பாய்கள் இறந்தார்கள்.

வெட்டுவதும் ரவுண்டு பண்ணுவதும் ஒன்றல்ல என்பதற்கு வான்கூவர் பங்குச்சந்தை இன்னொரு சாட்சி. 1982 ஜனவரியில் 1000 என்று ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புதுக்கணக்கு, மூன்று தசமத்துக்குப் பின் வெட்டு. வெட்டு எப்போதும் கீழ்ப்பக்கம்தானே? 1983 நவம்பரில் எண் 524-க்கு வந்து நின்றது. சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1098! சந்தை ஏறிக்கொண்டிருக்க, போர்டு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைசியாக, நம் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் விஷயம்: சதவீதம். 59.96 என்று வருகிறது, கம்பெனி 60 கேட்கிறது, ‘60 தானே மச்சி, போடு’ என்று பக்கத்தில் இருப்பவன் சொல்வான். ரவுண்டு விதிப்படி பார்த்தால் அவன் சொல்வது தப்பில்லை. ஆனால் இங்கே 60 என்பது டிராயிங் லிமிட் மாதிரி. பட்டதாரி அண்ணன் அக்காமார்கள் எழுதும் வங்கித் தேர்வின் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில், 59.99 சதவீதம் 60-க்குக் குறைவாகவே கருதப்படும் என்று எண்ணைப் போட்டே சொல்லியிருக்கிறார்கள். இப்படிச் சொல்லாத விண்ணப்பங்களும் உண்டு. அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள். கேட்க ஆள் இல்லை என்றால் இரண்டு தசமத்தோடு 59.96 என்றே எழுதுங்கள். சர்டிபிகேட் சரிபார்க்கும் மேஜையில் இருப்பவர் மார்க் ஷீட்டின் மொத்தத்தை எடுத்து அவர் கால்குலேட்டரில்தான் வகுத்துப் பார்ப்பார்.